ஏழாம் தேதிக்குள், ஏழாம் தேதி வரை



மொழி மன்றத்தின் மேடையில் நின்று ஆங்கில முன்னிடைச்சொற்களைப் பற்றிப் பேசுவது முறையாகுமா என்ற தயக்கத்தோடுதான் இந்த அழைப்பை ஏற்றேன். குனோங் ராபாட்டுக்கு வரும் வழியில், சாம் போ தோங் குகைக்கோயில் இருக்கும் அந்தச் சுண்ணாம்புக் குன்றைக் கடக்கும்போதும் அந்தத் தயக்கம் தீரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்த செய்தி தமிழைப் பற்றியதுதான். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் காலத்தைக் குறிக்கும் சிறு சொற்களில் தடுமாறுகிறார்கள். அந்தச் சொற்கள் பிரித்துக் காட்டும் வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் தம் தாய்மொழியில் ஐந்து வயதிலேயே பிழையின்றிக் கையாளுகிறார்கள். கையில் விளக்கை வைத்துக்கொண்டு நெருப்புக்கு அலைகிற கதைதான் இது. அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று காட்டுவதே என் நோக்கம்.

நான் ஈப்போவுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, அக்கால வழக்கப்படி புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, ஆங்கிலவழி இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். புகுமுக வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த பட்டியல் இன்றும் நினைவில் இருக்கிறது. 'இன்' என்றால் 'இல்'. 'ஆன்' என்றால் 'மேல்'. 'பை' என்றால் 'ஆல்'. 'ஃபார்' என்றால் 'க்காக'. 'சின்ஸ்' என்றால் 'முதல்'. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், மாலைக்குள் ஒப்பித்துவிடலாம்.

பட்டியலின் பொருள்கள் எவையும் தவறில்லை. புத்தகம் மேசையின் மேல் இருக்கிறது. கடிதம் கையால் எழுதப்பட்டது. இது தம்பிக்காக வாங்கியது. இடத்தையும் கருவியையும் நோக்கத்தையும் சொல்ல இவை போதும். காலத்தைச் சொல்லப் புகுந்தவுடன் பட்டியல் கைவிட்டுவிடும். 'திங்கட்கிழமையின் மேல்' என்றோ, 'மூன்று ஆண்டுகளுக்காக இங்கே குடியிருக்கிறேன்' என்றோ நாம் சொல்வதில்லை. எனவே மாணவன் பட்டியலை ஒதுக்கிவிட்டு ஊகிக்கத் தொடங்குகிறான்.

அப்படி ஊகித்து நான் ஓராண்டை இழந்தேன். 1970ஆம் ஆண்டில் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்கு வருவதை இன்ன மாதம் 12ஆம் தேதிக்குள் உறுதிப்படுத்துமாறு ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அதில் இருந்த சொல் 'பை'. பட்டியலின்படி '12ஆம் தேதியால்' என்று படித்தால் பொருள் கூடவில்லை. 12ஆம் தேதியன்று என்பதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, ஒழுங்கான பிள்ளையாக அந்தத் தேதி வரும்வரை காத்திருந்து, அன்று காலை அஞ்சலில் சேர்த்தேன். கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. அவர்கள் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. கடிதத்தில் இருந்தது தெளிவான சொல். எனக்குத்தான் அது தெரியவில்லை.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. அதே செய்தியைத் தமிழில் '12ஆம் தேதிக்குள்' என்று எழுதியிருந்தால், எழுத்தறியாத என் தாயாரே கடிதத்தை 8ஆம் தேதி அனுப்பச் சொல்லியிருப்பார்.

முதலில் எளிய பகுதியைப் பார்த்துவிடுவோம். 'அட்', 'ஆன்', 'இன்' என்ற மூன்றையும் பாடநூல்கள் மணிக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ஒன்று என்று பிரித்துக் கூறும். இதை ஒரு புதிய விதியாகக் கற்பிக்கத் தேவையில்லை. தமிழில் நாம் எட்டு மணிக்கு என்கிறோம், நான்காம் வேற்றுமை. திங்களன்று என்கிறோம், அல்லது உருபே இல்லாமல் திங்கட்கிழமை வந்தார் என்கிறோம். மார்ச் மாதத்தில், 1957ஆம் ஆண்டில் என்கிறோம், ஏழாம் வேற்றுமை. ஆங்கிலத்தார் மூன்று சொல் வைத்திருக்கும் அதே மூன்று இடங்களில் நாமும் மூன்று வடிவங்கள் வைத்திருக்கிறோம். 'க்கு' வருமிடத்தில் 'அட்', 'அன்று' வருமிடத்தில் 'ஆன்', 'இல்' வருமிடத்தில் 'இன்'. பத்தில் எட்டு இடங்களில் இது பிசகாது.

நம் இலக்கணிகளும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஏழாம் வேற்றுமை வினை, நிலம், காலம் ஆகியவற்றின் இடமாக வரும் என்று சொன்ன தொல்காப்பியர், வேற்றுமை மயங்கியலில் காலம் பற்றிய வேற்றுமைச் சொல் நான்காம் உருபாலும் வரும் என்று தனியே எடுத்து ஓதுகிறார். 'மணிக்கு' என்னும்போது நாம் நடப்பது அந்தப் பழைய வழியில்தான்.

இம்மூன்றில் நம் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதற்கு மலாய்மொழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மலாயில் மணிக்கும் 'பாடா', நாளுக்கும் 'பாடா', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'பாடா'. அது மலாய்மொழியின் சிக்கனம், குறையாகச் சொல்லவில்லை. நாள் முழுவதும் மலாயில் பாடம் படிக்கும் மாணவன் ஆங்கில வகுப்புக்கு வரும்போது, காலத்துக்கு ஒரே சொல் போதும் என்ற பழக்கத்தோடு வருகிறான். 'பாடா'வுக்கு ஈடாக ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடுகிறான். அவனைத் தமிழ் வழியாக அழைத்துச் சென்றால் மூன்று வாயில்கள் தெரியும். மலாய் வழியாகச் சென்றால் ஒன்றுதான் தெரியும்.

மீதி இரண்டு இடங்களுக்கு விளக்கம் தேடி அலைய வேண்டாம். காலையில், மாலையில், இரவில் என்று நாம் ஒரே உருபைத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தார் காலைக்கும் மாலைக்கும் 'இன்' வைத்து, இரவுக்கு மட்டும் 'அட்' வைத்தார்கள். காலைக்கு முன் கிழமையின் பெயர் வந்துவிட்டாலோ 'ஆன்' ஆகிவிடும். வார இறுதிக்குப் பிரிட்டனில் ஒன்று, அமெரிக்காவில் மற்றொன்று. இவற்றைப் பாராமல் ஒப்பிக்கச் செய்வதுதான் வழி. எல்லாவற்றிற்கும் காரணம் காட்ட முயலும் ஆசிரியர் கடைசியில் தாமே குழம்பிவிடுவார், அனுபவத்தில் சொல்கிறேன்.

நள்ளிரவு பற்றி மட்டும் ஒரு சொல். தீபகற்ப மலேசியாவில் 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினோம். நொடிப்பொழுதில் 1982 ஜனவரி 1 பிறந்தது. அன்று நடந்ததை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் 'அட்', 'ஆன்', 'இன்' மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும். வகுப்புக்கு நல்ல பயிற்சி. இன்னொன்றையும் பிள்ளைகளிடம் கேட்கலாம்: '31ஆம் தேதி நள்ளிரவு' என்றால் அந்த நாள் தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? கவனமுள்ளவர்கள் பதினொன்று ஐம்பத்தொன்பது என்று எழுதுவதன் காரணம் அப்போது விளங்கும்.

இனி, கடினமான இணைக்கு வருகிறேன். 'பை', 'அண்டில்'.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும். ஆட்களைக் கணக்கெடுத்து நிரை பிரித்து அனுப்புவார்கள். ரப்பர் மரத்தில் அதிகாலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே என் தாயாரின் பேச்சில் இரண்டு வடிவங்கள் நாள்தோறும் வரும். "வெயில் ஏறுவதற்குள் சீவி முடித்துவிட வேண்டும்" என்பார். "பால் எடுக்க மணி அடிக்கும் வரை மரத்தடியில்தான் இருந்தேன்" என்பார். முன்னது 'பை'. பின்னது 'அண்டில்'. அவர் இரண்டையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. 'வெயில் ஏறும் வரை சீவி முடிக்க வேண்டும்' என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஏன் சிரிப்பு வருகிறது? 'வரை' என்பது ஒரு நிலை நீண்டுகொண்டே போய் ஓர் எல்லையைத் தொடுவதைக் குறிக்கிறது. இருத்தல், காத்தல், உழைத்தல், உறங்குதல் போல நீளும் வினைகளோடு அது பொருந்தும். முடித்தல், கொடுத்தல், வந்து சேர்தல் போன்ற வினைகள் நீள்வதில்லை. ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிகின்றன. அந்தக் கணம் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதைச் சொல்ல நமக்கு 'க்குள்' இருக்கிறது. ஆங்கிலத்திலும் இதே கணக்குதான். மாணவன் 'வெள்ளிக்கிழமை அண்டில் கட்டுரையை ஒப்படைப்பேன்' என்று எழுதினால், கட்டுரையை ஒப்படைத்துக்கொண்டே இருப்பான் என்றாகிவிடும். அவனிடம் விதி எதையும் சொல்லாதீர்கள். "இதைத் தமிழில் சொல், தம்பி" என்று மட்டும் கேளுங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று தானாகச் சொல்வான். 'க்குள்' வந்தால் 'பை', 'வரை' வந்தால் 'அண்டில்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் அந்தப் பாடம் ஏறக்குறைய முடிந்தது.

'ஏறக்குறைய' என்று சொல்லக் காரணம் உண்டு. இரண்டு இடங்களில் தமிழும் நம்மைச் சறுக்கச் செய்யும்.

ஒன்று, நம் 'க்குள்' இரட்டை வேலை செய்கிறது. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்கிறோம், 'மூன்று நாளுக்குள்' என்றும் சொல்கிறோம். முன்னதில் இருப்பது காலத்தின் ஒரு புள்ளி; பின்னதில் இருப்பது காலத்தின் ஓர் அளவு. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. புள்ளிக்குப் 'பை', அளவுக்கு 'வித்தின்'. இதை அறியாத பிள்ளைகள் 'பை மூன்று நாள்' என்று எழுதுகிறார்கள். விடைத்தாளில் இதைப் பார்க்கும்போது எழுதியது தமிழ்ப்பிள்ளை என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். அந்தப் பிழைக்குள் தமிழ் இலக்கணம் சரியாக இருக்கிறது. திருத்தும்போது அதைப் பாராட்டிவிட்டுத் திருத்தலாம். 'மூன்று நாளில் வருவேன்' என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் வருவாரா, அதற்கு முன்பே வந்துவிடக் கூடுமா என்று தமிழில் நாம் அழுத்திக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'இன்' போட்டால் பெரும்பாலும் மூன்று நாள் கழிந்து வருவதையே குறிக்கும். அதற்கு முன்பே வரலாம் என்றால் 'வித்தின்' வேண்டும்.

மற்றொன்று எதிர்மறை வாக்கியம். 'அவர் ஐந்து மணி வரை வரவில்லை' என்று தமிழில் சொன்னால், "பிறகாவது வந்தாரா?" என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் 'நாட் அண்டில்' என்று சொன்னால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர் ஐந்து மணிக்கு வந்துவிட்டார். அதற்கு நேரான தமிழ், 'ஐந்து மணிக்குத்தான் வந்தார்' என்பது. இந்தத் 'தான்' என்ற சிறு இடைச்சொல்லின் வலிமையை ஆங்கிலம் படிக்கும்போதுதான் நான் உணர்ந்தேன்.

'ஆன் டைம்', 'இன் டைம்' என்ற இணையும் இவ்வகைதான். 'நேரத்துக்கு வந்தார்', 'நேரத்துக்குள் வந்துவிட்டார்'. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அரசாங்கக் கடிதங்களில் மலாய்மொழியும் இங்கே நமக்குத் துணை வரும். 'செபெலும் அத்தாவ் பாடா' என்று எழுதுகிறார்கள்; அந்த நாளுக்கு முன்போ அந்த நாளிலோ என்பது பொருள். 'செலேவாட்-லேவாட்ஞா' என்றும் எழுதுகிறார்கள். மிகவும் பிந்தினால் இன்ன நாள் என்பது. இரண்டும் 'பை'தான். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், ஒரு சம்பளக் காலம் முடிந்த பின் ஏழாம் நாளுக்கு மேற்படாமல் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் 'ஏழாம் தேதிக்குள் சம்பளம்' என்று வழங்குவது இதைத்தான். 'ஏழாம் தேதி வரை சம்பளம்' என்றால் எட்டாம் தேதி முதல் சம்பளமே இல்லை என்றாகும். முதலாளி வேண்டுமானால் மகிழலாம்.

'சின்ஸ்', 'ஃபார்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சின்ஸ் மூன்று ஆண்டுகள்' என்ற பிழையைக் கேட்காத ஆசிரியர் இந்த அவையில் இருக்கமாட்டார். தமிழில் 'சென்ற ஆண்டு முதல்', 'மூன்று ஆண்டுகளாக' என்று தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறோம். மலாயிலும் 'செஜாக்', 'செலாமா' என்று பிரிவு உண்டு. இரு மொழியிலும் இல்லாத குழப்பம் ஆங்கிலத்தில் எங்கிருந்து வந்தது? அந்தப் பழைய பட்டியலிலிருந்துதான். 'ஃபார்' என்றால் 'க்காக' என்று படித்த பிள்ளைக்கு 'மூன்று ஆண்டுகளுக்காக' என்பது நாவில் ஏறவில்லை. ஆகவே மிஞ்சியிருந்த 'சின்ஸ்'-ஐ எடுத்துக்கொள்கிறான். 'ஆக' வருமிடத்தில் 'ஃபார்' என்று சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிழை போய்விடும். மறுபாதி வினைச்சொல்லில் இருக்கிறது. 'மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலம் அதற்கு வேறு வினைவடிவம் கேட்கும். அது தனியாக ஒரு பொழுதுக்கு உரிய பாடம்.

இதுவரை சொன்னவற்றை எல்லாம் மதிப்பெண் சிக்கல் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். ஒரு குடும்பம் இந்த நாட்டில் யார் என்பதையே இச்சொற்கள் முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அது என் வீட்டில் நடந்தது.

என் தந்தையார் மலாயாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் தமிழகத்தில் பிறந்து இங்கு வந்தவர்கள். 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது அவர் குடிமகனாகப் பதிவு செய்யப்படவில்லை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, மெர்டேக்கா நாளுக்கு முன் இந்நாட்டில் பிறந்து, பதினெட்டு வயது நிரம்பியவர்கள் சில தகுதிகளின் பேரில் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது. நன்னடத்தை வேண்டும், மலாய்மொழியில் தொடக்க அறிவு வேண்டும், நிலையாக இங்கு வாழும் எண்ணம் வேண்டும். இவற்றோடு குடியிருப்புக் கணக்கு ஒன்றும் உண்டு. விண்ணப்ப நாளுக்கு உடனே முந்திய ஏழு ஆண்டுக் காலத்தில், மொத்தமாகக் கூட்டினால் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் அவர் நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும்.

தந்தையார் 1960ஆம் ஆண்டில் விண்ணப்பிக்க எண்ணினார். 1955ஆம் ஆண்டில் பாட்டியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் பதினான்கு மாதம் தங்கித் திரும்பியவர் அவர். தோட்டத்தில் ஆங்கிலம் படித்த ஒருவரிடம் விவரம் கேட்டபோது, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். இடையில் இந்தியா போனவர்களுக்குக் கிடைக்காது என்று முடிவாயிற்று. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். 'ஏழு ஆண்டுகள்' என்ற எண்ணைக் கண்டவர் அதன் முன்னால் இருந்த சொல்லைக் கவனிக்கவில்லை.

அந்தச் சொல் 'ட்யூரிங்'. அதே வாசகத்தில் சற்றுத் தள்ளி 'ஃபார்' வருகிறது. 'ட்யூரிங்' ஒரு சட்டத்தை மாட்டுகிறது: இன்ன நாள் தொடங்கி இன்ன நாள் வரை, இந்த ஏழு ஆண்டுக்குள் பார். 'ஃபார்' அந்தச் சட்டத்துக்குள் நிரப்ப வேண்டிய அளவைச் சொல்கிறது: ஐந்து ஆண்டுகள். சட்டம் முழுவதும் நிரம்ப வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 'ஃபார்' ஏழு ஆண்டுகள் என்று எழுதியிருந்தால் அந்த மனிதர் சொன்னது சரியாக இருந்திருக்கும்.

எங்கள் தோட்டப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து, கரித்துண்டால் சிமெண்டுத் தளத்தில் நீளமாக ஒரு கோடு போட்டார். அதை ஏழாகப் பிரித்தார். பதினான்கு மாதத்தை அழித்துக் காட்டினார். "மிச்சம் எவ்வளவு ஐயா? ஐந்து ஆண்டும் பத்து மாதமும். வேண்டியது ஐந்து" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. இன்றும் 'ட்யூரிங்', 'ஃபார்' என்று கற்பிக்கும்போதெல்லாம் நான் பலகையில் போடுவது அந்தக் கரிக்கோடுதான். அடுத்த ஆண்டு தந்தையார் குடிமகனாகப் பதிவு பெற்றார்.

தங்கை 1962 அக்டோபரில் பிறந்தாள். அந்த மாதத்துக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. அரசமைப்பின் இரண்டாம் அட்டவணையில், மெர்டேக்கா நாளிலோ அதற்குப் பின்னரோ, 1962 அக்டோபருக்கு முன்னர் கூட்டரசில் பிறந்த ஒவ்வொருவரும் குடிமக்கள் என்று இருக்கிறது. பெற்றோர் யார் என்ற கேள்வி அங்கே இல்லை. பிறந்த மண்ணே போதும். அடுத்த பகுதி, 1962 செப்டம்பருக்குப் பின்னர் பிறந்தவர்களைப் பற்றியது. அவர்களுக்கு மண் மட்டும் போதாது. பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். அல்லது அந்தக் குழந்தை பிறப்பால் வேறெந்த நாட்டின் குடியுரிமையும் பெறாததாக இருக்க வேண்டும்.

இவ்வாசகங்களின் முன்னிடைச்சொற்களை மாணவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். 'ஆன் ஆர் ஆஃப்டர்' என்பதில் 'ஆன்' எதற்கு? 'ஆஃப்டர்' மட்டும் இருந்தால் 1957 ஆகஸ்டு 31 அன்றே பிறந்த குழந்தை வெளியே நின்றுவிடும். இதைத் தமிழில் சொல்லும்போது 'மெர்டேக்கா நாளுக்குப் பின்' என்று எழுதிவிடும் மொழிபெயர்ப்பாளர் அந்தக் குழந்தையைத் தம்மை அறியாமல் வெளியேற்றுகிறார். 'மெர்டேக்கா நாள் முதல்' என்றால் சரி. அடுத்து, அக்டோபருக்கு முன் என்பதும் செப்டம்பருக்குப் பின் என்பதும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இரண்டும் தாம் பெயர் சொல்லும் மாதத்தை உள்ளே சேர்ப்பதில்லை. அதனால்தான் செப்டம்பர் 30 இரவு பிறந்த பிள்ளை ஒரு பக்கத்திலும், அக்டோபர் 1 விடியலில் பிறந்த பிள்ளை மறு பக்கத்திலும் இடைவெளியில்லாமல் அமைகிறார்கள். 'அக்டோபர் அண்டில்' என்று எழுதியிருந்தால் அக்டோபர் உள்ளேயா வெளியேயா என்று வழக்காட வேண்டியிருக்கும். கடைசியாக, பிறந்த நேரத்தில் என்பதற்கு வரும் 'அட்'. அது ஒரு புள்ளி. பிறகு பெறுகிற தகுதியைப் பற்றி அந்தச் சொல் பேசவில்லை.

தங்கை பிறந்த அந்தப் புள்ளியில் தந்தையார் குடிமகனாக இருந்தார். கரிக்கோடு போட்ட ஆசிரியர் அன்று வராமல் இருந்திருந்தால் அவளுடைய தாள்களுக்கு என்ன கேள்வி எழுந்திருக்கும் என்று நான் அறியேன். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டபோது, எங்கள் லயத்தில் பெட்டி கட்டியவர்களை நான் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேருக்குக் கணக்கு உண்மையிலேயே போதவில்லை, எத்தனை பேர் 'உங்களுக்குக் கிடைக்காது' என்ற வாய்ச்சொல்லைக் கேட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார்கள் என்பதை இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

'ஃப்ரம்' பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் இப்பேச்சு குறைபடும். 'இன்று முதல் பதினான்கு நாளுக்குள்' என்று தமிழில் சொன்னால் இன்றையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். பதினாறாம் நாள் காரியத்தை இறந்த நாளைச் சேர்த்து எண்ணுகிறவர்கள் நாம். இந்நாட்டின் பொருள்விளக்கச் சட்டம், அதாவது 388ஆம் எண்ணுள்ள சட்டம், வேறு விதமாக எண்ணச் சொல்கிறது: ஒரு நிகழ்விலிருந்து இத்தனை நாள் என்றால் நிகழ்வு நடந்த நாள் கணக்கில் சேராது, கடைசி நாள் பொது விடுமுறையாக அமைந்தால் அடுத்த வேலைநாள் வரை நீளும். வேறு கருத்து அதே சட்டத்தில் தெரியாதவரை இதுவே கணக்கு. ஆங்கில 'ஃப்ரம்' வேறு, தமிழ் 'முதல்' வேறு என்பதை மேல்வகுப்பு மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நம் பழக்கப்படி எண்ணுகிறவர் ஒரு நாள் முன்னதாகப் போய் நிற்பார், அதனால் கேடில்லை. ஆனால் பிறர்க்கு அனுப்பும் அறிவிப்பில் ஒரு நாளைக் குறைத்துவிட்டால் அந்த அறிவிப்பே செல்லாமல் போகலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்புச் சுவரில் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஒரே ஒரு தமிழ்ப்பொருள் எழுதிய அட்டைகள் தொங்கினால், காலத்துக்குத் தனியாக ஓர் அட்டை தொங்கவிடுங்கள். அதில் தமிழை முன்னே எழுதுங்கள்: மணிக்கு, அன்று, மாதத்தில், தேதிக்குள், நாளுக்குள், வரை, முதல், ஆண்டுகளாக. அவற்றுக்கு எதிரே ஆங்கிலத்தை எழுதுங்கள். பிள்ளை தனக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகட்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். தமிழ்ப்பள்ளியில் அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்வதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டு அலமாரியில், நெகிழிப் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்த பழைய கடிதங்கள் இருக்கும். தாத்தாவுடையதாக இருக்கலாம்; பாட்டியுடையதாக இருக்கலாம். அதில் ஆங்கிலத்தில் இருக்கும் ஒன்றை எடுங்கள். தேதிகளுக்கு முன்னால் இருக்கும் சிறு சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு பாட்டியிடம் அதைத் தமிழில் வாசித்துக் காட்டி, அந்த நாளுக்கு முன் என்ன செய்தார்கள், அந்த நாள் வரை எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாள்களோடு வாருங்கள். நானும் என் தந்தையாரின் தாளைக் கொண்டுவருகிறேன்.